அல்லி இலைக்குள் பாயும் பாஸ் மீனுக்கு எந்தத் தூண்டில் ராட் வாங்குவது?

டாம்பாவுக்குக் குடிவந்து எட்டு மாதமான ஒருவர் கேட்டிருக்கிறார். கிஸ்ஸிமி பக்கம் டோஹோ ஏரிக்கரையில் நின்று, அல்லி இலைகளுக்கு நடுவே ரப்பர் தவளையை வீசுகிறார். மூன்று வாரத்தில் நாலு பெரிய பாஸ் (நன்னீர் வேட்டை மீன்) கடித்தன, ஒன்றுகூடக் கரைக்கு வரவில்லை. கையில் இருப்பது ஆறரை அடி மீடியம், அதாவது நடுத்தர விறைப்புள்ள, ஸ்பின்னிங் ராட், 12 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு. கடையில் 8 அடி எக்ஸ்ட்ரா ஹெவி, அதாவது மிக விறைப்பான ராட், வாங்கச் சொன்னார்களாம். 150 டாலருக்குள் எந்த பிராண்டு நல்லது என்பது அவர் கேள்வி. ஊரில் விரால் பிடித்த பழக்கம் உண்டு என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அந்த வரி முக்கியம், பிறகு வருகிறேன்.

பிராண்டைக் கேட்டாலும் உங்கள் மனதில் இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: கடித்த மீன் ஏன் கைக்கு வரவில்லை? அதற்குப் பதில் கிடைத்தால் எந்த ராட் என்பது பாதி முடிவாகிவிடும். நான் இந்தப் பக்கத்து ஏரிகளில் பதினாறு வருடமாகத் தூண்டில் போடுகிறேன். சும்மா இருக்க முடியாமல் வெறும் கம்பு வாங்கி, வளையமும் பிடியும் வைத்து ஏழெட்டு ராட் நானே கட்டியதும் உண்டு. போட்டிகளுக்குப் போகிறவன் இல்லை. புல்லும் கொடியும் நிறைந்த ஃபுளோரிடா தண்ணீர்தான் என் பள்ளிக்கூடம். பட்டமரங்கள் நிற்கும் டெக்சஸ் ஏரிகளில் இரண்டே முறை போட்டிருக்கிறேன். ஆகவே கட்டைகளைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இலைக்கு அடியில் நடப்பதைப் பார்ப்போம். லார்ஜ்மவுத் பாஸ் ஒன்றும் சூரை மீன் இல்லை, நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு ஓடாது. உலக சாதனையே 22 பவுண்டு 4 அவுன்ஸ்தான். 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது அது. 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் அதோடு சமமாக வைக்கப்பட்டது. நீங்களும் நானும் பிடிக்கப்போவது பெரும்பாலும் 2 முதல் 6 பவுண்டு. அந்த எடைக்கு மீடியம் ராடே தாராளம், திறந்த தண்ணீராக இருந்தால். இலைக்காட்டில் கதை வேறு. பாஸ் மேலே வந்து தவளையை வாயோடு உறிஞ்சிக்கொண்டு, அதே வேகத்தில் தலையைக் கீழே திருப்பி அல்லித் தண்டுகளுக்குள் நுழையும். இரண்டு விநாடி, அவ்வளவுதான். அதற்குள் அதன் தலையை உங்கள் பக்கம் திருப்பிவிட்டால் இலைகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு வரும். திருப்பாவிட்டால் நரம்பு நாலு தண்டில் சுற்றிக்கொள்ளும். அதன் பிறகு நீங்கள் இழுப்பது மீனை இல்லை, ஏரியின் வேரை.

ஹெவி ராட் என்பது மீனின் எடைக்கானது இல்லை, அந்த இரண்டு விநாடிக்கானது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

உங்களிடம் இருக்கும் சாமானில் அந்த இரண்டு விநாடியும் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கலாம். நைலான் நரம்பு இழுத்தால் நீளும். 20 மீட்டர் தள்ளி மீன் கடிக்கும்போது உங்கள் முதல் இழுப்பு முழுக்க அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும். மீடியம் ராட் நடுக்கம்பு வரை வளையும், அதில் இன்னொரு பங்கு போகும். ரப்பர் தவளையின் இரட்டை முள்ளோ தடித்த கம்பி, அதுவும் தவளையின் முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. உடம்பை அமுக்கி, முள் வெளியே வந்து, பிறகு தாடையில் ஏற வேண்டும். அதற்குள் மீன் தண்டுக்குள் போய்விட்டது.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கைத்தராசு நம்மவர் எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதை ஒரு தூணில் கட்டி, கொக்கியில் நரம்பை முடிந்து, பதினைந்து அடி தள்ளி நின்று, மீனை இழுப்பது போல ராடால் இழுத்துப் பாருங்கள். மூச்சைப் பிடித்து இழுத்தும் என் பழைய மீடியம் ராடில் ஒன்றரை கிலோவுக்கு மேல் காட்டவில்லை. ஹெவி ராடில் மூன்று கிலோவைத் தாண்டியது. நீளமான கம்பைப் பிடித்திருக்கும் கை நெம்புகோலின் தவறான முனையில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு குறைவு. இந்த எண்களைப் பார்த்த பிறகு, 'ராட் எவ்வளவு பலம்' என்ற கேள்வியை நான் வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தேன்.

ராடுக்கு முன் நரம்பை மாற்றுங்கள். பிரெய்டு எனப்படும் பின்னல் நரம்பு, 50 பவுண்டு. விமானத்தில் ஒரு பெட்டிக்கு விடுகிறார்களே 23 கிலோ, ஏறக்குறைய அதே கணக்கு. ஆனால் தடிமன் சுமார் 12 பவுண்டு நைலான் அளவுதான். 65 பவுண்டு வாங்கினால் 16 பவுண்டு நைலான் அளவு வரும். இது அநேகமாக நீளவே நீளாது. இறுக்கமாக இருக்கும்போது மெல்லிய தண்டுகளை அறுத்துக்கொண்டும் வரும். கலங்கிய தண்ணீரில், இலைக்கூரைக்கு அடியில், மீன் நரம்பைப் பார்த்துப் பயப்படுமா என்று சிலர் விவாதிப்பார்கள். என் அனுபவத்தில் அங்கே அது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. தெளிந்த தண்ணீரில் அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். கட்டை, பட்டமரம் என்று வந்தால் பிரெய்டு மரத்துக்குள் பதிந்து சிக்கிக்கொள்ளும். அங்கே 20 முதல் 25 பவுண்டு ஃப்ளோரோகார்பன் என்ற நரம்பைத்தான் டெக்சஸ்காரர்கள் எனக்குக் காட்டினார்கள்.

இப்போது ராட். கம்பின் மேல் 'ஹெவி', 'எக்ஸ்ட்ரா ஹெவி' என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்பாதீர்கள். இதற்கென்று எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய ஹெவி இன்னொருவருடைய மீடியம் ஹெவியாக இருக்கும். ஐஎம்6, ஐஎம்8 என்ற எழுத்துகளும் அப்படித்தான். ஒரு கார்பன் நார் உற்பத்தியாளரின் வணிகக் குறியீடாகப் பிறந்து, இன்று யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் பட்டமாகிவிட்டது. கம்பில் எழுதியிருப்பதில் நான் ஓரளவு நம்புவது ஒன்றைத்தான்: எத்தனை அவுன்ஸ் எடையுள்ள தூண்டிலை வீசலாம் என்ற வரி. நீங்கள் வீசும் தவளை அரை முதல் முக்கால் அவுன்ஸ், அதாவது 14 முதல் 21 கிராம். அந்த எடை, எழுதியிருக்கும் எல்லையின் கீழ்ப்பாதிக்குள்ளோ நடுவிலோ விழ வேண்டும். அரை முதல் ஒன்றரை அவுன்ஸ் வரை என்று எழுதிய ராட் உங்களுக்குச் சரி. ஒன்று முதல் மூன்று என்று எழுதியிருந்தால் அது உங்கள் வேலைக்கானது இல்லை.

அந்த 8 அடி எக்ஸ்ட்ரா ஹெவியை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் மனதில் இருந்தது வேறு வேலை. இங்கே 'பஞ்சிங்' என்பார்கள். ஆகாயத்தாமரையும் ஹைட்ரில்லாவும் கம்பளம் போலப் படிந்துகிடக்கும் இடத்தில், 1 முதல் 2 அவுன்ஸ் டங்ஸ்டன் எடையைக் கட்டி, படகிலிருந்து செங்குத்தாக இறக்கி, கம்பளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே அனுப்புவது. கடித்த மீனை அதே துளை வழியாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த உலக்கை. அதில் அரை அவுன்ஸ் தவளையைப் போட்டால் நுனி வளையவே வளையாது, நுனி வளையாவிட்டால் வீச்சு போகாது. இலை இடுக்கில் தவளையை இடமும் வலமும் துள்ளவைக்க மணிக்கட்டால் சின்னச் சின்னதாக உதற வேண்டும், அதுவும் வராது.

போகிற போக்கில் ஒன்று: இந்த ஹைட்ரில்லா நம் ஊர்க் குளங்களில் கிடக்கும் அதே பாசிக்கொடிதான். 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து, உங்கள் டாம்பாவில் ஒரு வியாபாரியின் கை வழியாகத் தண்ணீரில் இறங்கியது. இன்று அதை அடக்க ஃபுளோரிடா அரசு பணத்தைக் கொட்டுகிறது. நம்மைப் போலவே இங்கே வந்து வேர் பிடித்த கொடி அது. அதற்குள் ஒளிந்திருக்கும் பாஸைத்தான் பிடிக்கப் பார்க்கிறோம்.

நீளத்துக்கு வருவோம். 'அடர்த்தியான இடம் என்றால் ஏழரை அடிக்கு மேல்' என்று வேதவாக்கு போலச் சொல்வார்கள். அந்த ஏழரை அடிக்கு ஒரு கதை உண்டு. 1970களில் கலிஃபோர்னியாவின் டீ தாமஸ் என்பவர் 12 அடிக்கு மேல் நீளமான கம்பை வைத்துக்கொண்டு, கோரைப்புல் இடுக்குகளில் தூண்டிலை ஓசையில்லாமல் இறக்கி மற்றவர்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பு கிளம்பியது, போட்டிகளில் ராட் 8 அடியைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. அவர் ஏழரை அடிக்கு இறங்கி வந்தார், 1975இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் அதை வைத்தும் ஜெயித்தார். ஃபென்விக் நிறுவனம் அந்த அளவில், இப்படித் தூண்டிலை இறக்குவதற்கான ஃபிளிப்பிங் ராட் போட்டது. எல்லோரும் பின்தொடர்ந்தார்கள். ஆக அந்த எண்ணில் இயற்பியலைவிடப் போட்டி விதியின் பங்குதான் அதிகம். நீளமான ராட் ஒரே வீச்சில் அதிக நரம்பைச் சுருட்டி இழுக்கும், அதனால் தளர்ந்த நரம்பு சீக்கிரம் இறுகும், மீனின் தலை உயரும். இது உண்மை. ஆனால் தராசில் பார்த்தோமே, நீளம் கூடக்கூட மீன் உங்கள் கையை நெம்புவதும் கூடும். படகில் நிற்பவருக்குப் பின்னால் வெட்டவெளி. கரையில் நிற்கும் உங்களுக்குப் பின்னால் ஓக் மரமும் அதில் தொங்கும் ஸ்பானிஷ் பாசியும். 7 அடி 3 அங்குலம், அங்கே இங்கே போனால் 7 அடி 4. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணிப்பு. என் காரில் பின்சீட்டை மடித்தால் அந்த நீளம் குறுக்காகப் படுத்துவிடுகிறது, 8 அடி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். இதையும் கணக்கில் எடுங்கள். காரில் போகாத ராட் வீட்டு மூலையில்தான் நிற்கும்.

அடுத்து ஆக்ஷன், அதாவது கம்பு எந்த இடத்தில் வளைகிறது என்பது. 'ஃபாஸ்ட்' என்று எழுதியதை எடுங்கள். மேல் கால் பாகம் வளையும், கீழே கெட்டியாக நிற்கும். 'எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்' தவளைக்கு எனக்குப் பிடிப்பதில்லை. பிரெய்டும் நீளாது, நுனியும் விட்டுக்கொடுக்காது என்றால் மீன் வாயை மூடுவதற்குள் தவளையைப் பிடுங்கிவிடுகிறோம். நுனியில் ஒரு சாண் நீளத்துக்காவது இளக்கம் வேண்டும். இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நல்ல தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

கம்பு எதனால் ஆனது என்பது பட்ஜெட்டோடு சேர்ந்த விஷயம். கார்பன் நார் எவ்வளவு விறைப்போ கம்பு அவ்வளவு லேசு, இடித்தால் அவ்வளவு சீக்கிரம் முறியும். கண்ணாடி இழை கலந்தது கனக்கும், ஆனால் முரட்டுத்தனத்தைத் தாங்கும். 1976இலிருந்து வரும் அக்லி ஸ்டிக் இந்தக் கலவைதான். காரின் டிக்கியில் சாமான்களோடு தூக்கிப் போடுகிற ஆள் நீங்கள் என்றால் அதில் ஒரு ஹெவியை வெட்கப்படாமல் வாங்கலாம். நாள் முழுக்க வீசினால் மணிக்கட்டு வலிக்கும், அது அதன் விலை. டைவா, லூஸ், டோபின்ஸ், செயின்ட் க்ராய், அபு கார்சியா என எல்லோரும் 150 டாலருக்குள் கார்பனில் ஏதாவது ஒன்று செய்கிறார்கள். இவற்றுக்குள் இது உசத்தி, அது மட்டம் என்று தரம் பிரிக்கும் அளவுக்கு வித்தியாசத்தை நான் கண்டதில்லை. 200 டாலருக்கு மேல் போனால் எடை குறைகிறது, கையில் உணர்வு கூடுகிறது. ஆனால் தவளைக் கடி கண்ணுக்குத் தெரிகிற கடி. அதற்கு நுணுக்கமான உணர்வு எதற்கு? அந்தப் பணத்தை நரம்பைச் சுற்றும் ரீலில் போடுங்கள். பிடி நடுவில் பிரிந்திருக்கிறதா முழுசா, கார்க்கா ஃபோமா என்பதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது. ஒன்றை மட்டும் பாருங்கள்: ரீலுக்குப் பின்னால் உள்ள பிடி முழங்கைக்குக் கீழே அணைத்துக்கொள்ளும் அளவு நீளமாக, ஒன்பது பத்து அங்குலமாவது இருக்கட்டும். மீனின் தலையைத் தூக்கும்போது பலம் மணிக்கட்டில் இல்லை, முன்கையில்.

முறிவதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நானே முறித்திருக்கிறேன். நான்கு பவுண்டு பாஸ் ஒன்று, ஏரியோரத்துச் சிமெண்டுச் சுவர். குனியச் சோம்பல்பட்டு ராடாலேயே தூக்கினேன். கம்பு தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்க, நரம்பு நுனியிலிருந்து நேர்கீழே தொங்கியது. பிடிக்கு மேல் ஒரு சாணில் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். எக்ஸ்ட்ரா ஹெவிதான் அது. கம்பு எவ்வளவு கெட்டி என்றாலும் செங்குத்துக்கு அப்பால் சாய்த்துக் குட்டை நரம்பில் தூக்கினால் சுமை முழுவதும் ஒரு சின்ன இடத்தில் குவிகிறது. நீளாத பிரெய்டில் இது இன்னும் ஆபத்து. குனிந்து கீழுதட்டைப் பிடித்துத் தூக்குங்கள், பாஸுக்கு அறுக்கும் பல் கிடையாது.

ரீல் விஷயத்தில் ஸ்பின்னிங்கை விட்டு பெய்ட்காஸ்டருக்கு மாறுங்கள். ஸ்பின்னிங்கில் முடியாது என்பதில்லை. ஆனால் 50 பவுண்டு பிரெய்டைப் பூட்டிய டிராகில் (நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்கில்) இழுக்கும்போது, கம்புக்குக் கீழே தொங்கும் ரீலைவிட மேலே உட்காரும் ரீல் கைக்குள் திடமாக நிற்கும். கியர் விகிதம் 7:1க்குக் குறையாமல் இருக்கட்டும், மீன் உங்களை நோக்கி வரும்போது தொய்வைச் சுருட்டியாக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் நரம்பு கொத்தாகச் சிக்கி உங்களை அழவைக்கும். புல்தரையில் வெறும் ஈயத்தைக் கட்டிப் பழகுங்கள், கட்டைவிரல் தானாகக் கற்றுக்கொள்ளும். உங்கள் 150 டாலர் ராடுக்கு மட்டும் என்றால் தாராளம். ரீலும் சேர்த்துத்தான் என்றால் ராடில் மிச்சம் பிடியுங்கள், மோசமான ரீலைப் பொறுத்துக்கொள்வதைவிட அது மேல்.

இனி அந்த விரால் வரி. நாலு மீனில் ஒன்றிரண்டாவது ராடால் போகாமல், நம் பழக்கத்தால் போயிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். ஊரில் உயிர்த்தவளையைக் கட்டி விரால் போடும்போது, அது கவ்வியதும் பொறுத்திருப்போம். நரம்பை விட்டுக்கொடுத்து, நன்றாக உள்ளே வாங்கட்டும் என்று காத்திருந்து பிறகு சுண்டுவோம். உயிருள்ள இரை, அதனால் விடாது. ரப்பர் தவளையை பாஸ் அத்தனை நேரம் வாயில் வைத்திருக்காது, துப்பிவிடும். அதற்காகத் தண்ணீர் வெடித்த சத்தத்துக்கே இழுத்தாலும் தவளை வெறுமனே பறந்து வந்து முகத்தில் அடிக்கும். நான் செய்வது இது: தண்ணீர் வெடித்ததும் ராடின் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுருட்டி, கனம் கையில் தெரிந்த கணத்தில் இரண்டு கையாலும் மேல்நோக்கி ஓங்கி இழுப்பது. ஒரு விநாடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இழுத்த பிறகு நிறுத்தக்கூடாது, மீன் இலைக்கு மேலே வரும்வரை சுருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆக, இந்த வாரம் 50 பவுண்டு பிரெய்டும் ஒரு பெய்ட்காஸ்டரும், 7 அடி 3 அங்குலம் ஹெவி ஃபாஸ்ட், அரை முதல் ஒன்றரை அவுன்ஸ் என்று எழுதிய, அந்த ரீல் பொருந்தும் காஸ்டிங் ராடும். கடையில் ராடின் நுனியைக் கூரையில் அழுத்தி வளைத்துப் பார்க்காதீர்கள், அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. உங்கள் ரீலை எடுத்துப்போய் மாட்டி, நரம்பை வளையங்களில் கோத்து, முனையைக் கூட வந்தவர் கையில் கொடுத்துக் கிடைமட்டமாக இழுக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பாதி எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும். டோஹோ சாதாரண ஏரி இல்லை. 2001 ஜனவரியில் போட்டித் தூண்டில்காரர் டீன் ரோஹாஸ் ஒரே நாளில் ஐந்து மீனில் 45 பவுண்டு 2 அவுன்ஸ் எடுத்தது அங்கேதான். 8 பவுண்டுக்கு மேல் ஒன்று கிடைத்தால் படம் எடுத்து, எடை போட்டு, திரும்ப விட்டுவிடுங்கள். அப்படி விடுபவர்களுக்கென்றே மாநிலம் ட்ராஃபிகேட்ச் என்று ஒரு திட்டம் நடத்துகிறது.

கரையில் நிற்பவர் என்பதால் இன்னொன்று. இலைமேல் துடித்துக்கொண்டு வரும் மீனை முதலையும் பார்த்துக்கொண்டிருக்கும். அது மீனைக் கவ்விவிட்டால் போட்டி போடாதீர்கள், அந்த மீன் அதனுடையது. 50 பவுண்டு பிரெய்டைக் கையால் அறுக்க முடியாது, விரலில் சுற்றி இழுத்தால் சதையைத்தான் அறுக்கும். மேல்சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலை, கயிறு கட்டி, எப்போதும் வைத்திருங்கள்.